பார்த்து முடியாத படம்

'செவ்வாய்க் குடியேற்ற ஆண்டு 61, மூன்றாம் மாதம், 14. இருபது விநாடி காட்ட வேண்டிய படத்தை இன்று இரண்டு நிமிடம் காட்டிவிட்டேன். சிறு தவறு.'

இழையினி பேனாவை மூடினாள். சிறியதுதானா என்று சந்தேகம் வந்து மறுபடி திறந்தாள்.

செவ்வாயில் ஐந்து மாதக் குழந்தைகள் எல்லாருக்கும் பார்வைத் தேர்வு உண்டு. முதலில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பிறகு அதன் பக்கத்தில் புதிய படம் ஒன்று வரும். கண் எதில் அதிகம் தங்குகிறது என்று நோக்குமானி அளக்கும். புதியதில் தங்கினால் வியாழனின் நிலவுக்குப் போகும் கப்பலில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடம். பழையதில் தங்கினால், புதுமைக்கு அஞ்சும் பிள்ளை என்ற முத்திரை.

நன்மாறன் அந்த முத்திரை வாங்கியவன். இன்று மறுதேர்வு; அதுவே கடைசி வாய்ப்பு. கப்பல் கிளம்ப ஒன்பது நாள். இந்தச் சுற்றில் இதுவே கடைசிக் கப்பல்; அடுத்த சுற்றுக்கு ஆறு ஆண்டு.

"இவங்கப்பா முந்தின கப்பல்லயே அங்க போயிட்டாரு, தங்கச்சி. இன்னும் இவனத் தொட்டுக்கூடப் பாக்கல," என்றாள் அவன் தாய் யாழிசை. அதைக் கேட்டதில்தான் நோக்குமானியை இயக்கும் இழையினி கடிகாரத்தை மறந்தாள்.

திரும்பியபோது குழந்தை படத்தை ஓரம் ஓரமாகக் கண்ணால் தடவிக்கொண்டிருந்தான். ஒரு கோடு விடவில்லை. பிறகு, வேலை முடிந்தவனைப் போல மூச்சுவிட்டு, தானே முகம் திருப்பினான். புதிய படம் வந்ததும் அவன் கண்கள் அதற்குத் தாவின.

அவளுக்குப் பிடிபட்டது. அவன் புதியதற்கு அஞ்சியவனே இல்லை. முன்பு பழையதைப் பார்த்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். பழையதைப் பார்த்து முடித்தால்தான் குழந்தை புதியதற்குத் திரும்பும் என்று, வேலைக்குப் பின் போகும் மாலை வகுப்பில் கேட்டு எழுதிக்கொண்ட பாடம், கண்ணெதிரே மூச்சுவிட்டது. நம்பமாட்டாமல், தோற்ற குழந்தைகள் ஆறு பேரை வரவழைத்து இரண்டிரண்டு நிமிடம் காட்டினாள். ஆறு பேரும் புதியதற்கே திரும்பினார்கள்.

ஏழு குழந்தைகளின் பார்வையையும் அவள் குறித்திருந்த வரைபடத்தைத் தேர்வுக் குழுத் தலைவர் அருளப்பன் ஒரு கணம் பார்த்தார். உடனே அவர் கண் சுவரில் தொங்கிய பழைய விதிப்பட்டியலுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. மற்ற நால்வர் கண்களும் பின்னாலேயே போயின.

"முப்பது வருசமா இருபது விநாடிதாம்மா விதி. புதுசா எதுக்கு?"

"அதோட கடைசி வரி என்ன சார்?"

ஐவரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இழையினி நாட்குறிப்பின் அடியில் எழுதினாள்: 'நாளை குழுவுக்குப் பழைய பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்ட வேண்டும். அவசரப்படாமல். வரைபடம் அதன் பிறகு.'