ஓட்டைச் சட்டிக்குள் மீன்குஞ்சு

மழைக்கு ஒதுங்கத்தான் இருசாயி அந்த ஷெட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் விரல் நீள மீன்கள் பன்னிரண்டு. அவற்றில் ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது... போட்டதைத் திரும்பி விழுங்கிக்கொண்டும் இருந்தது.

பதறிப்போய்க் கையை உள்ளே விட்டாள்.

“ஏய், கையை எடு!”

திரும்பினாள். காக்கிச் சட்டை, ஈரத் தலை, கோபமான கண்கள்... நல்ல கண்கள்தான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“பெத்ததையே திங்குதுங்க. பாத்துக்கிட்டு நிக்கறீங்க?”

“இது கவர்மெண்டு மீன்.”

“கவர்மெண்டு மீனுன்னா புள்ளையத் திங்கலாமுங்களா?”

அவன் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

பெயர் அர்த்தனாரி. மலேரியா முகாமுக்காக, மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டிலிருந்து வந்தவன். கொசுப் புழுவைத் தின்னும் இந்த மீனைப் பெருக்கி, மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக் கிணறுகளில் விட வேண்டும். மாதக் கடைசியில் அதிகாரி வருவார். குஞ்சு இல்லையென்றால் முகாமைக் கலைத்துவிடுவார்.

இருசாயியின் அக்கா போன வருஷம்தான் குளிர்காய்ச்சலில் நடுங்கி நடுங்கிச் செத்தாள்.

“குஞ்சு ஒளிய எடம் வேணுமுங்க. எங்கூட்டுல ஓட்டைச் சட்டியக் கவுத்து வெப்போம். கோழிக்குஞ்சு நுழைஞ்சுக்கும், பருந்து நுழையாது.”

“கோழி வேற, மீன் வேற. நான் ஆறு மாசம் டிரெயினிங் எடுத்தவன்.”

“அப்ப அந்த டிரெயினிங்கே காப்பாத்தட்டும்!”

மழையிலேயே போய்விட்டாள்.

அவள் சொன்னது அவனுக்குள் உறுத்தியது. ஆனால் சட்டி வைக்க ரோஷம் விடவில்லை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, குஞ்சு ஒளிய மூன்று வாசல் வைத்த சுண்ணாம்புப் பொம்மைக் கோயில் ஒன்றை வாங்கி வந்து தொட்டிக்குள் இறக்கினான். மறுநாள் சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் பாலாக வெளுத்திருந்தது. மீன்கள் மல்லாந்து மிதந்தன. மிஞ்சியவை ஆறு.

மாலைத் தூறலில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சட்டி வேணுமுங்க.”

“கோழி வேறயாமே, மீன் வேறயாமே?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க... என் மண்டைதான் வேற.”

சிரித்துவிட்டாள். மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அப்பா சின்னையன் சிரிக்கவில்லை.

“சட்டி வாங்கிக்கிட்டுப் போங்க. எம்புள்ள ஷெட்டுப் பக்கம் வரமாட்டா. கீழ்நாட்டு ஆளு இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்கு எறங்கிடுவீங்க.”

அதனால் வீட்டிலேயே செய்தாள். தண்ணீரில் ஊறிப் பழகிய பழஞ்சட்டிகள் மூன்று. தாய் நுழையாதபடி, துவரை அளவுக்கு ஆணியால் துளைகள். மேலே ஓடைப்பாசி. ஓரம் உடையாமல் துளையிட ஒரு நாள் முழுக்க ஆனது... அவன் கண்கள் நினைவுக்கு வந்ததால் வேறொரு சட்டி உடைந்தும் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றையும் அர்த்தனாரி வாங்கிப்போய்த் தொட்டிக்குள் கவிழ்த்தான்.

மாதக் கடைசி. ஷெட்டில் ஊரே கூடியிருந்தது, அப்பாவோடு இருசாயியும். அதிகாரி தொட்டிக்குள் குனிந்தார். கவிழ்த்த சட்டிகள், ஆறு பெரிய மீன்கள். வேறெதுவும் இல்லை.

“குஞ்சு எங்கய்யா?”

இருசாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு சட்டியை மெல்லத் தூக்கினாள்... புகை மாதிரி கிளம்பின குஞ்சுகள்! அடுத்த சட்டி. அடுத்தது. எண்ண ஆரம்பித்த அதிகாரி இருநூறில் கைவிட்டார்.

“முகாம் இருக்கும். பிரமாதம்! யார் யோசனை?”

“இருசாயியோடதுங்க,” என்றான் அர்த்தனாரி, எல்லோருக்கும் கேட்க. “என் யோசனை பாதி மீனக் கொன்னுச்சு.”

பிறகு சின்னையன் பக்கம் திரும்பினான்.

“நான் கீழ எறங்கலீங்க. இங்கயே இருக்கேன். உங்க மகளை எனக்குப் புடிச்சிருக்கு... கட்டிக் குடுப்பீங்களா?”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சின்னையன் மகளைப் பார்த்தார்.

“என்ன சாமி சொல்ற?”

எல்லாக் கண்களும் அவள்மேல். முகம் கொதித்தது. தலை குனியவில்லை.

“ஒளிய எடம் மீனுக்குத்தானப்பா செஞ்சேன்... எனக்கில்ல. எனக்கு இவரு வேணும்.”