பூசாத சந்தனம்

"அம்மா… நில்லுங்க! மொட்டை போட்டுகினு சந்தனம் பூசாம போறீங்களே!"

சரவணப் பொய்கைக் கரையில் ஒலித்த அக்குரலைக் கேட்டு அவள் திரும்பினாள். மழைக்கு முந்திய வானம்போல் கருத்துக் கனத்த கண்கள்… அவற்றைக் கண்டதும் சந்தனக் கடைக் கஜபதியின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. அரைத்த சந்தனத்தில் பாதி அவன் வேட்டியில் வழிந்தது.

"முதல்ல உங்க வேட்டிக்குப் பூசி முடிங்க" என்றாள் அவள்.

"ஆங்… அது கெடக்குதுங்க. வெயில் ஏறினா தலை எரியும். காசு வேணாம், பூசிக்குங்க."

"நான் முருகனுக்கு முடி கொடுக்கல."

"திருத்தணியில மொட்டை போட்டுகினு முருகனுக்கு இல்லேன்னா, வேற யாருக்குங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்று முழுவதும் கஜபதி அரைத்த சந்தனத்தில் தண்ணீர் மிகுந்தே இருந்தது!

அவள் பெயர் ரஞ்சிதம். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, ஊதியம் எதுவும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, தொண்டர் குழுவொன்றுடன் மலேயாவுக்குக் கப்பலேறினாள். சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டு மாண்டொழிந்த தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஈப்போ அருகே நடந்த இல்லத்தில் தொண்டு செய்தாள். அக்காளின் பிரசவத்திற்காகச் சில வாரங்கள் திருத்தணிக்கு வந்திருந்தாள்.

இவ்வூர் அப்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையேனும் கேட்டதா? இல்லை! அவள் தலையைப் பற்றியே கேட்டது. சந்தனம் மணக்கும் மொட்டைக்கு இங்கே கை கூப்புவார்கள். சந்தனமில்லாத மொட்டை ஒரு பெண்ணின் தலையில் இருந்துவிட்டால், அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

கஜபதி பெயர் வைக்கவில்லை. பால் வாங்க அவள் அவ்வழியே போகும் மாலைகளில் எல்லாம் வம்புக்கு இழுத்தான்.

"இன்னிக்காச்சும் பூசிக்கலாமில்ல?"

"உங்க சந்தனம் விக்கலேன்னா என் தலைதான் கெடச்சுதா?"

"விக்காம என்னங்க… உங்களைப் பார்த்துகினே அரைக்கிறதுல விரல்தான் தேயுது."

சிரித்தாள். தூறல் விழுந்த ஒரு மாலையில், கடையின் ஓலைச் சார்ப்பின் கீழ் ஒதுங்கியபோது, அவளாகவே சொன்னாள்.

"பிள்ளைங்க தலையெல்லாம் சிரங்கு. மழிச்சாத்தான் மருந்து பிடிக்கும். பொம்பளப் பிள்ளைங்க கத்தியப் பார்த்து அலறிச்சுங்க. அதான், இங்க வரக் கப்பலேறறதுக்கு முந்தின வாரம் நான் முதல்ல உக்காந்தேன். அஞ்சலைன்னு ஒருத்தி… என் தலையைத் தடவிப் பார்த்துச் சிரிச்சா. அதுக்கு முன்ன அவ சிரிச்சு நாங்க யாரும் பார்த்ததில்ல…"

கஜபதியின் கண்கள் நிறைந்தன. "உங்களைக் கட்டிக்க ஆசைப்படறேன்" என்றான். மழை நின்ற பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

அவன் தாய் ஜெயம்மாள் மறுநாளே தீர்ப்பளித்தாள். "கடல் தாண்டிப் போய் மொட்டையோட வந்து நிக்கிறா. என்னா நடந்துச்சோ யாரு கண்டா? சந்நிதியில நின்னு, வேண்டுதல்தான்னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே என் கையால சந்தனம் பூசிக் கூட்டியாறேன்."

அதை அப்படியே கொண்டுவந்து ரஞ்சிதத்தின் முன் வைத்தான் கஜபதி.

"ஒரு வார்த்தைதானுங்க…"

"அஞ்சலைக்குக் கொடுத்தத முருகனுக்குக் கொடுத்தேன்னு சொன்னா, முருகனே ஒத்துக்க மாட்டாரு. நீங்க ஒத்துக்குவீங்களா?"

அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையை அவள் வெகுநேரம் பார்த்தாள். மறுவாரமே மலேயாவுக்குப் புறப்பட்டாள்.

திருத்தணி நிலையத்தில் சென்னை ரயில் நின்றது. மழை சாய்த்துப் பெய்தது. மூச்சிரைக்க ஓடி வந்த கஜபதியைக் கண்டு ஜன்னலோரம் இருந்த ரஞ்சிதம் திகைத்தாள். அவன் தலை மழிக்கப்பட்டிருந்தது!

"உங்களுக்காகத்தானுங்க…"

அவள் கண்களில் ஒளி பிறந்தது. உடனே அவன் நெற்றிவரை கனமாய் அப்பியிருந்த சந்தனத்தைக் கண்டாள்.

"உங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

மழை, சந்தனத்தைக் கரைத்து அவன் கண்ணுக்குள் வார்த்தது.

"…வேண்டுதல்னு."

"அன்னிக்குக் கிண்ணம் சாஞ்சுதே… அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு ஆளுகிட்டயாவது உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா, இப்பவே இறங்கி வந்திருப்பேன். உங்க அம்மாவையும் கூட்டிகினு நாம ரெண்டு பேருமா அந்தப் பிள்ளைங்ககிட்டப் போயிருக்கலாம்."

ரயில் நகர்ந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவன் கூடவே ஓடினான், மேடை முடிந்தது.

பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த போர்ட்டர் எல்லப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாபா கஜபதி, வேண்டுதலா?"

தலையில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கஜபதி இரு கைகளாலும் வழித்து எறிந்தான்.

"இல்லண்ணா… முருகனுக்கு இல்ல. ரஞ்சிதத்துக்கு. நான் அவளைத்தான் விரும்பறேன்!"

மேடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். கேட்க வேண்டியவளின் ரயில் வளைவைக் கடந்திருந்தது.