காலி ஜார்

கூடத்தில் சளி உறிஞ்சும் மெஷின் உறுமத் தொடங்கியதும், சமையலறையில் இளைய மருமகள் மிக்ஸியைத் தட்டிவிட்டாள். ஜாரில் ஒன்றுமில்லை. காலி ஜார் காதைக் கிழித்துக்கொண்டு சுற்ற, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து நின்றாள், கட்டிலில் கிடந்த குழந்தையைப் பெற்றவள்.

மகள் சிட்டு ஐசியூவிலிருந்து கழுத்தில் ஒரு குழாயோடு வீடு வந்திருந்தாள். மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் இருவருக்கும் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். இளையவள் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினாள். ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்த கோலம் அவளை விட்டுப் போகவே இல்லை. செய்து காட்டும் முறை வந்தபோது, "எங்கிட்ட ஏற்கெனவே செஞ்சு காட்டிட்டா சிஸ்டர்" என்று நர்ஸிடம் ஓரகத்திதான் பொய் சொல்லிக் காப்பாற்றினாள்.

அந்த ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள், கை ராசியான தையல்காரி. மாடியில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை மூடிவிட்டு, வந்த துணிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுக் குழந்தையின் கட்டிலடியே கதியென்று கிடந்தாள். இளையவளின் கணவன் பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து எப்போது வந்தாலும் கட்டிலருகே அண்ணியைத்தான் பார்த்தான். இன்று காலை அவன் மனக்குறை வெடித்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. பெத்தவளை ஒரு தடவையாவது கிட்ட விட்டீங்களா? அவ அடுப்படியிலேயே கிடக்கறா... குழந்தை உங்க மூஞ்சியைத்தான் தேடுது."

மூத்தவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இளையவளின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அவள் சொல்லவில்லை.

"கேட்டது தப்பில்ல தம்பி" என்றாள்.

இளையவள் கூனிக் குறுகி, ஜாரின் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். இனி குழந்தையைத் தன் மனைவி பார்த்துக்கொள்வாள், நீங்கள் தையலைப் பாருங்கள் என்று அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். மூத்தவள் எழுந்தாள். ஆனால் மாடிப்படியில் முதல் படிக்கு மேல் கால் ஏறவில்லை. அது வீம்பு என்று அவன் நினைத்தான்.

சிட்டுக்குக் குரல் கிடையாது. கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டித்தான் கூப்பிடுவாள். இப்போது அந்த ஸ்பூன் படபடவென்று தட்டியது.

"போ, உன் குழந்தை கூப்பிடுது" என்றான் கணவன்.

இளையவள் வந்து உறிஞ்சும் குழாயை எடுத்தாள். அதைப் பிடித்தபடியே நின்றாள்; சிட்டுவின் உதடு நீலம் பாரித்தது. குழந்தையின் கண்கள் அவளைத் தாண்டி மாடிப்படியைத் தேடின. இனியும் நடித்தால் என் மானம் மிஞ்சும், பிள்ளை மிஞ்சாது என்று நினைத்த கணம் கத்திவிட்டாள்.

"அக்கா, வாங்கக்கா! எனக்குத் தெரியாதுக்கா!"

மூத்தவள் அதற்குள் ஓடி வந்திருந்தாள். பதறாமல் அடைப்பை எடுத்தாள். குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது.

இளையவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா என்னை ஒதுக்கலைங்க. நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன். மிக்ஸியில ஒண்ணுமே இல்ல... இந்த மெஷின் சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதான் ஓட்டினேன். அவங்களை நீங்க பேசினப்பவும் மரம் மாதிரி நின்னேனே... நானெல்லாம் ஒரு தாயா?"

"காலி ஜாரை நான் என்னிக்கோ பாத்துட்டேன்டி" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள் மூத்தவள். "உன்னைக் காட்டிக் குடுக்க மனசு வரல. ஆனா நான் மூடி மறைச்சதுலதான் உன் பயம் வளந்துபோச்சு. தப்பு என் மேலயும் இருக்கு. போ, கையைக் கழுவிட்டு வா."

கணவன் மாடிக்குப் போனான். மூச்சு வாங்கத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அண்ணியின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

"இதை எங்க வைக்கட்டும் அண்ணி?"

"கட்டில் பக்கத்துல வைங்க தம்பி. அங்கேருந்து பாத்தாதான் இவ கை எனக்குத் தெரியும்."

மறுபடி ஸ்பூன் தட்டியபோது இளையவள்தான் உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டை மூத்தவள் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள விடறப்ப உறியக் கூடாது. வெளிய எடுக்கறப்பதான் கட்டைவிரலால இந்தக் குழாயோட பிடியில இருக்கற ஓட்டையை மூடணும், அப்பதான் உறியும். ஆங்... அவ்வளவுதான்."

சிட்டு சத்தமில்லாமல் அழுதாள். இத்தனை நாளும் அந்த அழுகையைப் பார்க்கப் பயந்துதான் இளையவள் ஓடி ஒளிந்தாள். இன்று ஓடவில்லை. குழாய் வெளியே வந்ததும் மூச்சு சீரானது.

குழந்தை அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கையிலிருந்த ஸ்பூனை அவள் மடியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனது.