அறுபத்தொரு மார்க் மிளகு

மரபுமானி அறுபத்தொன்று என்று காட்டியதும் கருத்தடைப் பேழை தானாகவே வாயைத் திறந்தது. டாக்டர் நர்மதா எழுந்துபோய் அதன் கதவைக் கையால் தள்ளிச் சாத்தினாள். இருபத்திரண்டு வருடப் பணியில் பூனையை உள்ளே வைக்காமல் அந்தக் கதவை அவள் சாத்தியது இதுதான் முதல் தடவை.

"ஏனுங்க டாக்டரம்மா, மிசின் ரிப்பேருங்களா?" என்றான் நவநீதன். பர்கூர் மலையடிவாரத்தில் சூரியத் தகடுகளைத் துடைத்துப் பராமரிப்பது அவன் வேலை. மடியில் இருந்த கூடைக்குள் மிளகு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் வரி போட்ட பெட்டைப் பூனை.

"மிசின் நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் மனசு வரலை."

மரபுமானி ஒரு சொட்டு ரத்தத்தை வாங்கிக்கொண்டு பூனைக்கு வரப்போகும் நோய்களை வாசித்துவிடும். இதயத் தசை தடிக்குமா, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருமா, பார்வை போகுமா, எல்லாம் சொல்லும். முதல் வயது முடிவதற்குள் எல்லாப் பூனைகளையும் சோதிக்க வேண்டும், தேறாதவற்றைப் பேழைக்குள் வைக்க வேண்டும். பதினோரு நிமிட வேலை. நல்ல சட்டம்தான். சாக்கடையோரம் குட்டிகள் பட்டினியில் சாவது நின்றது. வலியோடு பிறந்து வலியோடு சாகும் பூனைகளும் ஊருக்குள் இல்லாமல் போயின. அதில் நர்மதாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கெடுத்தது மார்க்தான். ஆரம்பத்தில் மரபுமானி நோய்ப் பட்டியலை மட்டும் கொடுத்தது. பட்டியலை யார் படிக்கிறார்கள்? வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எத்தனை மார்க்?" கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், நூற்றுக்கு இத்தனை என்று போடும் முறையைத் துறைக்கு எழுதிக் கொடுத்தவள் நர்மதாவேதான். தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. நம் ஜனங்களிடம் மார்க்கைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? நூற்றுக்கு நூறு வாங்கிய சந்தனம் என்ற கடுவன் பூனைக்கு மாநிலத்தில் முதலிடம் என்று தெருவெல்லாம் பேனர் கட்டினார்கள். தொண்ணூற்றெட்டு எடுத்த கடுவனைச் சீந்த ஆளில்லை. எல்லா வீட்டுப் பெட்டைக்கும் சந்தனமே வேண்டும் என்றார்கள். பக்கத்து மாநிலங்களுக்கும் அதன் விந்து உறைகுப்பிகளில் போயிற்று.

தனித்தனியே பார்த்தால் ஒரு குறையும் இல்லாத பூனைகள். ஆனால் எல்லாம் ஒரே அப்பன் வழி. அண்ணனும் தங்கையுமாகக் கூடிக் கூடி, நான்கு குட்டி போட்ட இடத்தில் இரண்டாகி, ஒன்றாகி, பிறகு செத்த குட்டியாகப் பிறந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கடைசியாக ஓர் உயிர்க்குட்டி பதிவாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மரபுமானி மட்டும் இன்றைக்கும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று அள்ளிக் கொடுக்கிறது. இரண்டு பூனைகள் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"உங்க மிளகுக்கும் சந்தனத்துக்கும் சொட்டு சம்பந்தம் இல்லைங்க" என்றாள் நர்மதா. "வேற ரத்தம் எங்கயாவது இருக்குதான்னு ரெண்டு வருசமா தேடறேன். அகப்பட்டது இது ஒண்ணுதான். இதையும் அறுத்துட்டா நம்ம காலத்தோட பூனைங்கறதே இருக்காது."

"இதோட ஆத்தா எப்படிச் செத்துதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" நவநீதன் குரலை உயர்த்தவில்லை. "மலையில இருந்து வவுத்துல குட்டியோட வந்துதுங்க. மூணு குட்டி போட்டுது, ரெண்டு போயிருச்சு. அப்புறம் ஒரு நாளு நடுவீட்ல ஓடியாந்துட்டு இருந்தது பொத்துன்னு உழுந்துருச்சு. கத்தக்கூட இல்லைங்க. எம் பொண்ணு மூணு நாளு சோறு திங்கலை. இந்த ரத்தத்தயா பெருக்கச் சொல்றீங்க? குறையோட பெத்துப் போடறது பாவம்னு பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னதே நீங்கதானுங்களே!"

சொன்னது அவள்தான். இருநூறு பள்ளிகளிலாவது சொல்லியிருப்பாள். அதை இப்போது தன் வாயாலேயே மறுத்துப் பேச வேண்டியிருந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பாதிக் குட்டிக்கு அந்த இதயக் கோளாறு வராதுங்க."

"மீதிப் பாதி?"

"அதுகளுக்கு மட்டும் கருத்தடை பண்ணிரலாம். மருந்து குடுத்துப் பார்த்துக்கலாம். எல்லாத்தையும் காப்பாத்திருவேன்னு சொல்ல மாட்டேன்."

நவநீதன் கூடைக்குள் விரலை விட்டு மிளகின் காதைத் தடவினான். "ஒரே ஒரு ஈத்துங்க" என்றான். "குட்டி எடுத்துட்டுப் போறவங்ககிட்ட, இதுக்கு நெஞ்சுல கோளாறு வரலாம்னு உள்ளதச் சொல்லித்தான் குடுக்கோணும். மறைச்சுக் குடுக்கறதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"சத்தியமா சொல்லித்தான் குடுப்பேன்" என்றாள் நர்மதா. அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னாள்.

மாவட்டத்தில் வீரியம் மிச்சமிருந்த கடுவன்கள் நான்கு. அவன் எதிரிலேயே நான்கு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினாள்.

"அறுபத்தொண்ணுங்களா?" என்றார் முதல் வீட்டுக்காரர். "எங்க பையன் தொண்ணூத்தொம்பதுங்க மேடம். வெளிய தெரிஞ்சா அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்?"

இரண்டாம் வீட்டில் பெட்டையின் தாய்க்கு எத்தனை மார்க் என்று கேட்டு, சோதிக்கவே இல்லை என்றதும் துண்டித்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான்காமவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரிடம் நர்மதா கெஞ்சியே பார்த்தாள். இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்றாள்.

"அழிஞ்சாலும் தரமா அழியட்டுமுங்க" என்றார் அவர்.

நர்மதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. இவர்களை இப்படிப் பழக்கியது யார் என்று தெரிந்திருக்கும்போது யார்மேல் கோபப்படுவது? திருத்தும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. எல்லோரும் பார்க்கும்படி மார்க் வெளியாகும் மரபுமானியின் பக்கத்தைத் திறந்தாள். அறுபத்தொன்றை அழித்துத் தொண்ணூற்றேழு என்று போட்டாள்.

ஐந்து நிமிடத்தில் முதல் வீட்டுக்காரர் அழைத்தார். "மேடம், மறுகூட்டல்ல மார்க் ஏறிருச்சுங்களாமே! பையனை எப்பங்க கூட்டிட்டு வரட்டும்?"

நவநீதன் சுவர்த்திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அறுபத்தொண்ணு எப்படிங்க தொண்ணூத்தேழாச்சு?"

"இல்லாட்டி ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்களே நவநீதன். நீங்களே கேட்டீங்கல்ல."

"அப்ப, குட்டி எடுக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

தொண்ணூற்றேழு வாங்கிய தாய்க்கு நெஞ்சில் கோளாறு என்று எப்படிச் சொல்ல முடியும்? இனி இந்தக் குட்டிகளுக்கும் ஒரு பொய் மார்க் போட வேண்டும், அவற்றின் குட்டிகளுக்கும் போட வேண்டும்.

நவநீதன் எழுந்தான். மிளகைக் கூடையிலிருந்து எடுத்தான். பேழைக் கதவைத் தானே இழுத்துத் திறந்து, பூனையை உள்ளே வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினான். பேழை ஓடவில்லை. அது தன் இனிமையான குரலில் பேசியது: "தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் பெற்ற பூனை. முதல் ஈத்துக்கு முன் கருத்தடை செய்வது தண்டனைக்குரிய குற்றம்."

நல்ல பூனைகளை யாரும் வீணாக்கிவிடக் கூடாது என்று போன வருடம் சேர்த்த விதி அது. நர்மதாவுக்கே அது மறந்துபோயிருந்தது.

"பழைய மார்க்கப் போடுங்க டாக்டரம்மா."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியாதுங்களா?"

"முடியும்."

"போடுங்களே அப்ப."

"போட மாட்டேங்க" என்றாள் நர்மதா. தன் குரல் பேழையின் குரலைப் போலவே அவளுக்குக் கேட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நகரவில்லை.

அவன் சண்டை போடவில்லை. மிளகை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாக் குட்டிக்கும் பேரு வெப்பாளுங்க எம் பொண்ணு" என்றான். "எது நடுவீட்ல உழும்னு அவகிட்ட யாருங்க சொல்றது?"

தொலைபேசி மறுபடி ஒலித்தது. தலைமையாசிரியர். நர்மதா எடுத்தாள்.

"ஆமாங்க சார்" என்றாள், நவநீதனின் முகத்தைப் பார்க்காமல். "தொண்ணூத்தேழேதான்."