இரண்டு கிலோ குறைவு

அந்த நகரத்தில் காலை ஏழு மணிக்கு வண்டி நிறுத்துமிடங்களைப் பார்த்தால் கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும். ஆளுக்கொரு காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறேன்." "பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன்." எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதை அவரவர் மொழியில் அறிவித்தால்தான் இசைவுப்பெட்டி வண்டியை நகரவிடும். மின்சாரக் கார்களில் பல்சக்கரங்கள் ஒழிந்து முப்பது வருடம் ஆகிறது. ஆனாலும் ஜனங்கள் பழக்கதோஷத்தில் அந்தப் பெட்டியை ஆட்டோமேட்டிக் கியர் என்றே சொன்னார்கள். ஒன்று முதல் ஐந்து வரை வேகப்படிகள். எந்தப் படிவரை ஏறலாம் என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை. வண்டியின் நடத்தையைப் பார்த்துப் பெட்டி முடிவு செய்யும்.

இசக்கிராணிக்கு முணுமுணுக்க ஒரு கார் இல்லை. ஊரைவிட்டு வந்து ஏழு வாரம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி வேலை. அவளுக்கு ஒதுக்கியிருந்த பதினான்கு வீடுகளும் ஏரிக்கு அக்கரையில் இருந்தன. அங்கே பஸ் கிடையாது. விரைவுச் சாலைதான், நாலாவது கியர் திறக்காத வண்டி அதில் ஏறவே முடியாது. திங்கட்கிழமை காலை கார் இருந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வேலை போனால் விசாவும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். இன்று சனிக்கிழமை, மணி மூன்றரை.

விளம்பரத்தில் பார்த்த சாம்பல் நிறக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்து, கோவில்பட்டியில் லாரி மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் சுடலைமணிக்குப் பேசிப் பேசித் தட்டச்சு செய்தாள்.

"அண்ணே, வண்டி பாக்க நல்லாத்தான் இருக்கு. மத்த வண்டில பாதி விலை. அதான் பயமா இருக்கு. நீ சொன்ன எண்ணெயே இதுல கிடையாது."

அண்ணனின் பதில் குரலாகவே வந்தது. "ஏட்டி, என்ன எழுதியிருக்க? 'நீ சொன்ன என்னையே இதுல கிடையாது'ன்னு வந்துருக்கு. உன்னயத்தான் அங்க அனுப்பியாச்சே, பெறவு எப்படிக் கிடையாதுங்க?"

"எண்ணெய்ண்ணே! கியர் எண்ணெய். இந்தக் கூறுகெட்ட போனு நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு எழுதுது."

"பாதி விலைன்னா அதுல ஏதோ பாதி இல்லன்னு அர்த்தம். நல்லா விசாரி. பெறவு அழக் கூடாது."

வண்டிக்காரர் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். துஷ்யந்தன் என்று விளம்பரத்தில் இருந்தது. எழுபது வயதிருக்கும். ஷேவ் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளைதானே ஃபோன் எடுத்தது? தூத்துக்குடிப் பக்கமோ?"

"கோவில்பட்டி அங்கிள்."

"எனக்கு யாழ்ப்பாணம். கடலுக்கு அங்காலை நீங்கள், இங்காலை நாங்கள். இஞ்ச வந்து ரெண்டு பேரும் குளிரிலை நடுங்கிறம். நில்லுங்கோ, திறப்பை உள்ளுக்கை விட்டிட்டன். ஒருக்காப் போட்டு வாறன்."

எதைப் போடப் போகிறார் என்று தெரியாமல் இசக்கிராணி நின்றாள். குப்பையா? தபாலா? அவர் வெறுங்கையோடு உள்ளே போனார், சாவியோடு வெளியே வந்தார்.

"என்ன அங்கிள் போட்டீங்க?"

"ஒண்டும் போடேல்லையே." அவர் விழித்தார்.

சரி, பெரியவருக்கு மறதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வண்டியில் ஏறினார்கள். தெருவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று அவள் அறிவித்ததும் கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அகலமான சாலைக்கு வந்து மிதியை அழுத்தினாள். மூன்று. இன்னும் அழுத்தினாள். முட்டுச்சந்தில் மோதினது போல வண்டி மூன்றிலேயே நின்றது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின.

"நாலு ஏறாது பிள்ளை." துஷ்யந்தன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. பதிவைக் கேட்டிட்டு முடிவெடுங்கோ. நாலு பேர் வந்தவை. மூண்டு பேர் கேட்டிட்டு ஓடினவை. ஒராள் கேக்காமலே எடுக்கிறன் எண்டார். அவருக்கு நான் குடுக்கேல்லை."

"கேக்காம எடுத்தா உங்களுக்கு நல்லதுதானே?"

"கேளுங்கோவன்."

திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். பெட்டியிடம் பதிவைக் கேட்டாள். இலக்கண சுத்தமான தமிழில், செய்தி வாசிக்கும் நிதானத்தில் அது சொல்லத் தொடங்கியது.

"இந்த வண்டியின் வகை: உரிமமற்ற சரக்கு. மீறல்கள்: நூற்றுப் பதினேழு. பதிவு ஒன்று. அறிவிப்பு: ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருகிறேன். பொருள்: சரக்கு இறக்கம். பின்னிருக்கைச் சுமை ஐம்பத்திரண்டு கிலோ, வார் மாட்டப்படவில்லை. இறக்கிய இடம்: மருத்துவமனைப் பக்கவாசல். ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றிய சுமை ஐம்பது கிலோ. குறைவு: இரண்டு கிலோ. முடிவு: அறிவிக்கப்படாத விற்பனை."

இசக்கிராணி பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"போட்டு வாறன்னா... போயிட்டு வாரேனா அங்கிள்?"

"ஓம். வேறை என்ன? இறக்கிறது எண்டால் போட்டிட்டு வாறன் எண்டெல்லோ சொல்லுவம்? வீட்டாலை வெளிக்கிடேக்கை எங்கடை ஆக்கள் எல்லாரும் சொல்லுறதுதான். உந்தக் கண்டறியாத பெட்டிக்கு உங்கடை தமிழ்தான் படிப்பிச்சிருக்கினம். எங்கடை தமிழ் அதுக்குச் சாமான் இறக்கிறது."

அவளுக்கு முகம் சுட்டது. சற்று முன்னால் அவளும் அதையேதான் கேட்டிருந்தாள், என்ன போட்டீங்க என்று.

"பின்னாடி இருந்தது யாரு?"

"சுபாஜினி. என்ரை மனுசி. நிமிர்ந்து இருக்கேலாது, பின் சீற்றிலை படுத்துத்தான் வருவா. படுத்தபடி வார் போடேலாது. வார் போடாத பாரம் எண்டால் சாமானாம். ஆளோ சாமானோ எண்டு பாக்க உள்ளுக்கை கமரா வைக்கக் கூடாதாம், அந்தரங்கமாம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "எங்கடை அந்தரங்கத்தைக் காப்பாத்தித்தான் அவவை மூட்டை ஆக்கினவை."

"வாரத்துக்கு மூணு தடவையா?"

"ஓம்."

"டயாலிசிஸ்."

அவர் தலையசைத்தார். "இப்ப அவ இல்லை."

இசக்கிராணிக்கு இரண்டு கிலோ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் தாதியாக இருந்தபோது எத்தனை பேரை எடைமேடையில் ஏற்றி இறக்கியிருப்பாள். சிறுநீரகம் நின்றுபோன உடம்பில் தேங்கும் தண்ணீர், ஒவ்வொரு தடவையும் இயந்திரம் உறிஞ்சி எடுக்கும் தண்ணீர். இரண்டு கிலோ இறங்கினால் அன்று மூச்சு விட முடியும், ஒரு வாய் சோறு இறங்கும்.

"தண்ணி அங்கிள் அது!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. "மேலுல தேங்குன தண்ணி! அத எடுத்து வித்துட்டீங்கன்னா எழுதியிருக்கு? எந்த வெளங்காத பய எழுதுனான்? நீங்க எதுத்துக் கேக்கலையா?"

"மூண்டு தரம் எழுதினனான். ஓட்டினவன்ரை சொல் எடுபடாதாம், அவனுக்கு அதிலை லாபம் இருக்காம். வாங்கிற ஆள்தான் ஏற்கலாம், இல்லாட்டி மறுக்கலாம்."

அதைப் பெட்டியே விளக்கியது. வாங்குபவர் 'இந்தப் பதிவு முழுவதும் உண்மை' என்று தம் குரலில் சொன்னால் ஏற்பு. பழைய பதிவு நிரந்தரமாக மூடப்படும், புதிய உரிமையாளருக்கு உடனே ஐந்து கியரும் திறக்கும். மறுத்தால் வண்டி நாற்பது நாள் ஓட்டநெறிச் சபையின் விசாரணைக் கொட்டகையில் நிற்கும். மறுப்பை ஒவ்வொரு பதிவாக, ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். ஒரு வரிக்குப் பத்து வினாடி மௌனம் என்றால் அந்த வரிக்கு மட்டும் ஏற்பாகக் கொள்ளப்படும். இன்றைய நேரம் ஆறு மணியுடன் முடிகிறது.

அவள் காரைவிட்டு இறங்கி அண்ணனுக்குப் பேசினாள். இந்தத் தடவை தட்டச்சு இல்லை, நேரடி அழைப்பு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"ஏட்டி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காத," என்றான் சுடலைமணி. "அந்தம்மா போய்ச் சேந்தாச்சு. நீ உண்மைன்னு சொன்னா என்ன, பொய்யின்னு சொன்னா என்ன, அவங்களுக்கு வலிக்கவா போவுது? சொல்லிட்டு வண்டிய எடு. திங்கக்கிழம உனக்கு வேல."

"சொன்னா அது உண்மையாயிரும்ல்லா."

"ஒரு பெட்டிக்குள்ளதான?"

"இந்த ஊர்ல பெட்டிக்குள்ள இருக்கதுதான்ணே உண்மை. வெளிய இருக்கதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

"விசா போயிரும்ட்டி," என்றான் அண்ணன் மெதுவாக. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

திரும்பி வந்தபோது துஷ்யந்தன் முன்னிருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, நான் உள்ளதைச் சொல்லுறன். உங்களுக்கு வேலை முக்கியம். சொல்லிட்டு எடுங்கோ. கேக்காமல் எடுக்க வந்தவருக்குத்தான் நான் குடுக்கேல்லை. நீங்கள் கேட்டிட்டியள், எனக்கு அதுவே காணும். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

அவர் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால், கெஞ்சியிருந்தால், எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். திங்கட்கிழமையை நினைத்தாள். ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தை நினைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"இந்தப் பதிவு முழுவதும்..."

"தயவுசெய்து தொடரவும்," என்றது பெட்டி.

"இந்தப் பதிவு முழுவதும்..."

நாக்கு எழவில்லை. ஒரு மனுஷியை மூட்டை என்று எழுதி, அவள் உடம்பின் நோய்நீரைக் களவு என்று எழுதி, அதற்கு இன்னொரு தமிழ்க்காரி வாயாலேயே ஆமாம் போடச் சொல்கிறார்கள். அதுவும் அழகான தமிழில், தயவுசெய்து என்ற சொல்லோடு. எவனோ ஒருவன் தெரியாமல் செய்த பிழை என்றால் மன்னிக்கலாம். ஆனால் பிழை என்று மூன்று தடவை எழுதிக் காட்டிய பிறகும் அப்படியே வைத்திருந்தார்கள். அதை உண்மையாக்கும் வேலையை மட்டும் வேலை வேண்டி நிற்பவள் தலையில் கட்டினார்கள்.

"மறுக்கேன்," என்றாள். "மறுக்கேன். எத்தன இருந்தாலும் சரி, வாசி."

"பிள்ளை, விசரே உங்களுக்கு?"

"நீங்க சும்மா இருங்க அங்கிள். உங்க சொல்லுதான் எடுபடாதுல்லா. எனக்குச் சொல்லுங்க, நான் அதுக்குச் சொல்லுதேன்."

மேற்பார்வையாளருக்கு ஒரு வரி அனுப்பினாள்: திங்கட்கிழமை கார் இருக்காது. போன் அதைச் சரியாக எழுதியதா என்று பார்க்கக்கூட இல்லை. மணி நாலே கால்.

"பதிவு ஒன்று. பின்னிருக்கையில் சரக்கு."

"சரக்கு இல்ல. ஆளு. சுபாஜினி."

"குறைவு: இரண்டு கிலோ. விற்பனை."

"விற்பனை இல்ல. ரத்தத்துல இருந்து எடுத்த தண்ணி. டயாலிசிஸ்."

"பதிவு இரண்டு."

முதல் பத்துப் பதிவுக்கு அவர் வாயே திறக்கவில்லை. பதினோராவதில், "அண்டைக்கு நல்ல பனி. அவவைத் தூக்கிக்கொண்டு வந்தனான்," என்றார். இருபதாவதில் அவருக்கே வேகம் வந்துவிட்டது. "உது அவவின்ரை பிறந்தநாள். நேர்ஸ்மார் கேக் வெட்டினவை. அவ சாப்பிடேலாது, என்ரை வாயிலைதான் தீத்தினவ."

"பதிவு முப்பத்தாறு. குறைவு: ஒன்றரை கிலோ."

"அண்டைக்கு அவவுக்கு என்னோடை கோவம். போகேக்கையும் கதைக்கேல்லை, வரேக்கையும் கதைக்கேல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ."

"அவங்களுக்கு அன்னைக்கு வீட்டுக்காரர் மேல கோவம்," என்றாள் இசக்கிராணி.

"மறுப்புப் படிவத்தில் கோபத்துக்கு இடமில்லை," என்றது பெட்டி.

"அப்ப இடம் பண்ணு."

துஷ்யந்தன் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தாள்.

நாற்பத்தெட்டு கிலோ, நாற்பத்தேழு, நாற்பத்தைந்து. பதிவுகள் ஏற ஏற எடை இறங்கிக்கொண்டே வந்தது. எண்பதுக்கு மேல் அவர் மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டார். இசக்கிராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும், சரக்கு இல்ல, ஆளு, சுபாஜினி என்று முழுதாகச் சொன்னாள். ஒரு தடவைகூடப் பெயரை விடவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிக்கு வந்தார்கள்.

"பதிவு நூற்றுப் பதினேழு. பின்னிருக்கையில் சரக்கு, நாற்பத்தொரு கிலோ."

"சரக்கு இல்ல. ஆளு. சுபாஜினி."

"குறைவு: நாற்பத்தொரு கிலோ. முழுச் சரக்கும் விற்பனை."

"பொய்யி," என்றாள். "விற்பனை இல்ல. அன்னைக்கு அவங்க ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க."

"குறிக்கப்பட்டது. இறுதி வரி. திரும்பும்போது பின்னிருக்கைச் சுமை: இல்லை. மறுப்பு உண்டா?"

வந்த வேகத்தில் அவள் வாயைத் திறந்தாள். துஷ்யந்தன் கையை நீட்டி மறித்தார்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். "அதை மாத்தாதேங்கோ. அது ஒண்டுதான் சரியா எழுதிக் கிடக்கு."

பெட்டி பத்து வினாடி காத்திருந்தது. இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏற்கப்பட்டது," என்றது.