தோல் பெல்ட்டும் கார்லெட் வீட்டுப் பூனையும்

மான் தீவின் மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியிருந்த புதிதில், டக்ளஸ் நகரத்துக்காரர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, சுங்க இலாகாவில் ஓய்வு பெற்ற கிரெஜீன் புகையில் வாட்டிய மீனிலிருந்து பொறுமையாக முள் நீக்கிக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய அக்காள் மகள் எஃபி, தந்தி ஆபீசுக்குப் புறப்படத் தயாராக நின்றாள். அப்போதுதான் கதவை இடித்துக்கொண்டு ஸ்கில்லிகார்ன் உள்ளே வந்தான். பந்தய ஓட்டி, மோட்டார் சைக்கிள் வியாபாரி, நல்லவன். கோபம் மட்டும் மூக்குக்கு மேலே.

"அண்ணே, என் பெல்ட்டைத் திருடிட்டான், எனக்குப் போட்டியா ஓடுற அந்தக் கார்லெட்! நாளைக்கு நான் பந்தயத்தை முடிக்கலைன்னா, இந்தத் தீவுல வண்டி விக்கிற ஏஜென்சியைக் கம்பெனி அவனுக்குத் தூக்கிக் குடுத்துடும். என் கடைக்குப் பூட்டுதான்!"

இன்ஜினிலிருந்து சக்கரத்தைச் சுழற்ற அவன் வண்டிக்கு இரண்டு தோல் பெல்ட்டுகள். மலையேறக் குட்டை, சமதளத்தில் பறக்க நீளம். நீளமானது பெட்டியோடு காணோம். அது இல்லாமல் ஓடினால் ஆட்டு மந்தைகூட முந்திவிடும்.

கூடவே வந்த மெக்கானிக் டப், இங்கிலாந்துக்காரன், பல்லைக் கடித்தான். "எல்லாம் அந்த எலிப் பயலோட வேலைதான்!"

அடுத்த கணம் கிரெஜீன் மர மேஜையைத் தொட்டார். ஸ்கில்லிகார்ன் கதவைத் தொட்டான். எஃபி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டாள்.

"அந்தப் பிராணியோட பேரை இந்தத் தீவுல வாய்விட்டுச் சொல்லப்படாதுப்பா, கெட்ட சகுனம்," என்றார் கிரெஜீன்.

"இந்த ஊர்ல மூச்சு விட்டாலும் குத்தம்," என்று டப் முணுமுணுத்தான்.

எஃபியும் சேர்ந்துகொள்ள, ஸ்கில்லிகார்னின் கடைக்குப் போனார்கள். பூட்டு உடையவில்லை. கடையைப் பெருக்கிச் சமைத்துப்போடும் கேத்தி அம்மாள், கேட்கும் முன்பே பிடித்துக்கொண்டாள். "பெல்ட்டா? நான் அதைக் கண்ணாலகூடப் பார்க்கலை. ஆம்பளைங்க சாமானை ஆம்பளைங்கதான் பார்த்துக்கணும். இந்தக் கடைக்கு முதல்ல ஒரு பூனை வாங்குங்க. கார்லெட் வீட்டுப் பூனை மாதிரி. வால் இல்லேன்னாலும் வீரம் இருக்கு. ஒரு நீளவாலை உயிரோட விடாது!"

"மாமா, இந்தம்மா பேச்சை மாத்துறாங்க," என்று எஃபி கிசுகிசுத்தாள்.

"இல்லை, பேச்சை ஆரம்பிக்கிறாங்க," என்றார் அவர்.

அங்கிருந்து நேரே கார்லெட்டின் கொட்டகை. தேடவே வேண்டியிருக்கவில்லை. பூனையின் பால் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பெட்டி மூடி திறந்து கிடந்தது. உள்ளே சுருட்டி வைத்த பெல்ட்டின் மேல் வாலில்லாப் பூனை மகாராணிபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கையும் களவுமா மாட்டினியா!" என்று ஸ்கில்லிகார்ன் பாய்ந்தான்.

"டேய், உன்னை ஜெயிக்கறதுக்கு எனக்குத் திருட வேற வேணுமா? உன் வண்டி இருமுறதைக் கேட்டாலே போதுமே!" என்றான் கார்லெட். ஆனாலும் அவன் முகம் வெளுத்திருந்தது. திருடன் என்று பெயர் வந்தால் பந்தயத்திலிருந்தே தள்ளிவிடுவார்கள்.

கிரெஜீன் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு பக்கமும் கரித்தடம். பிறகு கேத்தி அம்மாளையும் அழைத்துவரச் சொன்னார்.

"திருடன் பொருளை ஒளிச்சு வைப்பான், பூனைக்கு விருந்து வைக்க மாட்டான்," என்று தொடங்கினார். "இதை யாரோ அடுப்பு இடுக்கியால தூக்கிட்டு வந்திருக்காங்க. பெட்டியைக் கையால தொடவே பயந்தவங்க யாரு? டப், நேத்து சாயங்காலம் பெட்டியை வச்சப்போ கேத்தி அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுப் போனே? வார்த்தை மாறாம சொல்லு."

"பெல்ட்டுக்கு நாங்க வச்ச செல்லப் பேரு உண்டு. குட்டையானது குட்டி. மத்தது... 'அம்மா, நீளவாலு இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. வெளிய வந்துடாம ஜாக்கிரதையா பார்த்துக்கோங்க'ன்னு சொன்னேன். ஏன்?"

தீவுக்காரர்கள் எலிக்கு வைத்திருக்கும் மாற்றுப் பெயரே நீளவால்தான்; எஃபி வாயைப் பொத்திக்கொண்டாள். கார்லெட்டுக்குச் சிரிப்பு பீறிட்டது.

கேத்தி அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "சமையல்கட்டுக்குப் பக்கத்துல அதைக் கொண்டாந்து வச்சதுமில்லாம, ஜாக்கிரதையா வளர்க்கச் சொல்றானேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது! இடுக்கியால தூக்கிட்டு வந்து, பூனை முன்னால மூடியைத் தட்டிவிட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம ஓடிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் ஸ்கில்லிகார்ன்.

"பந்தயத்துக்கு முந்தின நாள் அந்தப் பேச்சை எடுத்தா விளங்குமாய்யா?"

டப் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவன் சொல்லக் கூடாததைச் சொன்னபோது மரத்தைத் தொட்டுத் தப்பித்தார்கள். சொல்ல வேண்டிய பேரைச் சரியாகச் சொன்னபோதுதான் வம்பு வந்தது. எஃபி அதை அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் பூனை எழுந்து போய்விட்டது.

ஸ்கில்லிகார்ன் கார்லெட்டின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினான். "நாக்குல சனி, என்னை மன்னிச்சுடு."

"மன்னிப்பெல்லாம் நாளைக்கு. உனக்கு முன்னால போய் நின்னுக்கிட்டு, சாவகாசமா மன்னிக்கிறேன்."

மறுநாள் மலையுச்சியில் கார்லெட்டின் இன்ஜின் இறுகி நின்றது. சமதளத்தில் பறந்த ஸ்கில்லிகார்ன் மூன்றாவதாக வந்து சேர்ந்தான். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. கம்பெனிக்காரர் அங்கேயே அவன் கையைக் குலுக்கி ஏஜென்சி அவனுக்கே என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் கார்லெட்டை நோக்கி நடந்தான்.

"ஏஜென்சி கிடைச்சுடுச்சு. தெற்கு எனக்கு, வடக்கு உனக்கு. சம்மதமா?"

கார்லெட் நின்றான். பிறகு சந்தேகமாகக் கேட்டான். "வடக்குல வெறும் மலைதானேடா இருக்கு?"

"அதான். வண்டியெல்லாம் அங்கதான் கெட்டு நிக்குது. பிழைக்கத் தெரியாதவனே, தள்ளு!" என்று ஸ்கில்லிகார்ன் வண்டியின் மறுபக்கம் கை கொடுத்தான்.