ஆறெழுத்து மருந்து

இலங்கையின் பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். ஹாலிஎலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரக் கூரையில் விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அங்கம்மாவுக்கும்தான். அவளுக்குப் பதினோரு வயது. அம்மா இராக்கம்மா காய்ச்சலில் படுத்து ஆறு நாளாகிறது. வீட்டு வேலை எல்லாம் அங்கம்மாவின் தலையில். நின்றால் உட்காரலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் கண் சொக்கியது.

அன்று மத்தியானம் அப்பா கந்தப்பன் மருந்து வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வழியில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. கூடையில் இரண்டு போத்தல்கள்.

"ஒண்ணு காய்ச்சலுக்குக் குடிக்க. இன்னொண்ணு அம்மா கால்ல இருக்கிற அட்டைக்கடிப் புண்ணுக்குப் பூச" என்றார்.

"எதுப்பா குடிக்கிறது?"

அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம், ஒரே வாடை.

"சோத்துக்கையில குடுத்தது குடிக்கிறதுன்னு மருந்துச்சாலை ஐயா சொன்னாரு. நானும் சோத்துக்கையிலதான் புடிச்சிருந்தேன். விழுந்தப்ப ரெண்டும் புல்லுக்குள்ள உருண்டுருச்சு."

ஒரு போத்தலில் காகிதமே இல்லை. இன்னொன்றில் இருந்த காகிதத்தில் மழை பட்டு மை கரைந்திருந்தது. அங்கம்மா அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். அப்பா தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிப்பவர். பெட்டிப் பலகைகளைப் பார்த்தே அவள் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றிருந்தாள். எழுத்துதான் தெரியும், சொல் ஒன்றுகூடத் தெரியாது.

"ஆறு எழுத்துப்பா. ரெண்டாவது ஓ. கடைசி ரெண்டும் ஓ, என். மத்த மூணும் வெறும் நீலக்கறைதான்."

"கிளாக்கர் ஐயாகிட்டக் காட்டிட்டு வா தாயி. என்னால நடக்க முடியல."

அங்கம்மா இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். கிளாக்கர் ஐயா கொட்டாவி விட்டபடி விரலால் எழுத்துகளை எண்ணினார்.

"பி, ஓ, டி, ஐ, ஓ, என். போஷன். குடிக்கிற மருந்து. கொண்டுபோய்க் குடு."

அங்கம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. மருந்து கசக்குமே என்று, திரும்பும் வழியில் இத்ரூஸ் நானாவின் கடையில் ஒரு துண்டு கருப்பட்டி கேட்டாள். நானா பதுளைக் கடைத்தெருவிலிருந்து சரக்கு எடுத்து வந்து விற்பவர். போத்தலைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இது லோஷன், புள்ள. மேலுக்குப் பூசுறது."

"கிளாக்கர் ஐயா போஷன்னு சொன்னாருங்களே."

நானா சாமான் கட்டும் தாளில் இரண்டு சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். முதல் எழுத்து மட்டும்தான் வேறு. ஒன்றில் எல், மற்றதில் பி.

"ரெண்டும் பொருந்துதே" என்று முனகினார்.

அங்கம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஏதாவது பொருந்துமா நானா? ஆறு எழுத்து. இதே எடத்துல ஓ, இதே எடத்துல ஓ, என்."

நானா தாடியைச் சொறிந்தார். மூன்றாவதாக ஒரு சொல்லை எழுதத் தொடங்கியவர், பாதியில் பென்சிலை நிறுத்தினார்.

"பொய்சன்" என்றார் மெதுவாக.

"அப்படின்னா?"

"நஞ்சு."

அங்கம்மா போத்தலைச் சட்டென்று தள்ளிப் பிடித்தாள். பிறகு நானா ஒரு சாக்கை மடித்து அவள் தலையில் போட்டுவிட்டார். "எழுதின ஆளுட்டயே கேட்டுட்டு வா. அதுதான் நல்லது."

மருந்துச்சாலை இரண்டு மைல் தூரம். பாதை எல்லாம் சேறு. பாதி வழியில் அங்கம்மாவின் கால்கள் தாமாகவே நின்றன. கிளாக்கர் ஐயா படித்தவர். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். இப்போதே திரும்பினால் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிடலாம்.

ஆனால் 'இருக்கலாம்' என்பதை எப்படிக் கரண்டியில் ஊற்றி அம்மாவுக்குக் கொடுப்பது? அவள் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு மேலே நடந்தாள்.

மருந்து கொடுக்கும் ஐயா மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் இருமினாள். அவர் எழவில்லை. இன்னும் பலமாக இருமினாள்.

"காலையிலருந்து அறுபது பேருக்கு மருந்து குடுத்தாச்சு. இருமலுக்கு நாளைக்கு வா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"இருமல் இல்லீங்க ஐயா. எந்தப் போத்தல் குடிக்கிறதுன்னு தெரியல."

"உங்கப்பாகிட்டத் தெளிவாச் சொன்னேனே. சோத்துக்கை, பீச்சாங்கைன்னு."

"அப்பா விழுந்துட்டாருங்க. கை இருக்கு, போத்தல்தான் மாறிப்போச்சு."

அவர் எழுந்து, இரண்டிலிருந்தும் சில துளிகளை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தார். காகிதம் இருந்த போத்தலை எடுத்துத் தூரமாக வைத்தார்.

"இதை யாராவது குடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"இது பூசுறதுக்கு மட்டும். நஞ்சுன்னுதான் எழுதியிருந்தேன். குடிச்சிருந்தா..." அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இங்கிலீஷ் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. தெரியாததாலதான் வந்தேன்."

அவர் புதுக் காகிதம் எடுத்துப் பேனாவை மையில் தோய்த்தார். அங்கம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஐயா, நீங்க எழுதினா எங்க லயத்துல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. படம் போட்டுத் தரலாமுங்களா?"

"எனக்குப் படம் வராதே."

"நான் போடுறேங்க. மை வேணாம், மழையில கரைஞ்சிரும். பென்சில் குடுங்க."

ஒரு காகிதத்தில் திறந்த வாய் ஒன்றை வரைந்தாள். இன்னொன்றில் ஒரு பாதமும் அதன்மேல் கொழுத்த அட்டையும். வாய் தவளை வாய் மாதிரி இருந்தது. ஐயா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஒரு கட்டுக் காகிதத்தை அவள் முன்னால் தள்ளினார்.

"இன்னும் பத்துப் பத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறியா? நாளைக்கு வர்றவங்களுக்கு ஆகும்."

கை வலித்தது. ஆனாலும் பத்து வாயும் பத்துப் பாதமும் வரைந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். பாதி தூரம் வரை ஐயாவே குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

அன்று மாலை வாய் போட்ட போத்தலிலிருந்து அம்மா மருந்து குடித்தாள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது.

வெளியே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்படித்துக் கூப்பிட்டார்கள். அங்கம்மா அசையவில்லை. சுருண்டு படுத்திருந்த அவளைத் தொட்டு எழுப்ப அப்பா குனிந்தார்.

"எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைத் தானே இறக்கி வைத்தபடி.